சனம் ஆக்கிய சொற்கள்



யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. ஆயினும் எங்கள் ஊரின் பெயர் தொண்டைமானாறு. வலிகாமத்துக்கும் வடமராட்சிக்கும் இடையே நீண்டு கிடக்கும் உவர்நீர் ஏரி கடலோடு கலக்கும் இடம் இது. சோழர் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் உப்பு ஏற்றிச் செல்வதற்காக இந்நீர்வழியை வெட்டுவித்தான் என்பது வழிவழி வந்த கதை. வெட்டியவன் எவனாயினும், ஆறல்லாத ஒன்றுக்கு ஆறு என்று பெயர் சூட்டியது சனந்தான். கரையில் கோயில் கொண்ட செல்வச்சந்நிதி முருகனையும் அவர்கள் ‘ஆற்றங்கரையான்’ என்றார்கள். அடியார்க்குச் சோறிடும் வழக்கத்தால் ‘அன்னதானக் கந்தன்’ என்றும் அழைத்தார்கள். பெயர் வைப்பதில் கடவுளுக்கும் விலக்களிக்காத ஊர் எங்களுடையது.

புதிய பொருள் ஒன்று நம்மிடையே வந்து சேரும்போது அதற்குரிய சொல் எங்கே பிறக்கிறது என்பதையே இன்று உங்களோடு பேச எடுத்துக்கொண்டேன். யாழ்ப்பாணத்தில் இதற்கு இரண்டு பட்டறைகள் இருந்தன. ஒன்று படித்தோருடையது, மற்றையது சந்தியிலும் கிணற்றடியிலும் இருந்தது.

முதலாவது பட்டறையின் வரலாறு ஓரளவு எழுதப்பட்டுள்ளது. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தியதோடு, மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே மாணவருக்குக் கற்பித்தவர். அதற்கு வேண்டிய நூல்களையும் சொற்களையும் தாமும் தம் மாணாக்கருமாக ஆக்கினார். 1875இல் வெளிவந்த அவருடைய இரசாயன நூலின் பெயர் ‘கெமிஸ்தம்’. கெமிஸ்ற்றி என்ற ஆங்கிலச் சொல்லின் வாலை நறுக்கி, தமிழுக்கு இசைந்த ஓர் ஈற்றை ஒட்டிவிட்டார். துணிச்சலோடு சிறிது குறும்பும் கலந்த வேலை என்றே அதை நான் எண்ணுகிறேன்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாடசாலை விஞ்ஞானம் தாய்மொழிக்கு மாறியபோது அரச கலைச்சொற் குழுக்கள் அப்பணியைத் தொடர்ந்தன. ‘காபனீரொட்சைட்டு’ என்னும் சொல்லைப் பாருங்கள். முன்னும் பின்னும் அந்நியச் சொற்கள். நடுவே இரண்டு என்று பொருள்படும் தமிழ் ‘ஈர்’ ஏறி அமர்ந்திருக்கிறது. மூன்றையும் நம் புணர்ச்சி விதி தைத்துவிட்டது. எங்களூரிலுள்ள தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் மாதிரி வினாத்தாள்களோடு மல்லுக்கட்டிய வடபுலத்து மாணவர்களுக்கு இத்தகைய சொற்கள் வீட்டுச் சொற்கள்போல் ஆகிவிட்டன. அதேவேளை ‘துவிச்சக்கரவண்டி’ பரீட்சைத் தாளிலும் பொலிஸ் முறைப்பாட்டிலும் ஓடியதேயன்றி, தெருவில் ஓடியது சைக்கிள்தான்.

இனி இரண்டாவது பட்டறைக்கு வருவோம். பருத்தித்துறை, கொடிகாமப் பக்கங்களில் மரக்கூடு பூட்டிய பழைய மோட்டார் வண்டிகள் ஓடின. பின்புறத்துப் பலகைத் தட்டியை இறக்கிவிட்டால் மரக்கறி மூட்டையும் மீன்கூடையும் ஆட்களும் அதிலேயே பயணம் செய்யலாம். அதற்குச் சனம் வைத்த பெயர் ‘தட்டிவான்’. எந்தக் குழுவும் கூடவில்லை, எவரும் ஒப்பமிடவில்லை. ஆங்கிலத்தில் லூயிஸ் கரோல் 1871இல் வெளியிட்ட தமது இரண்டாவது ஆலிஸ் கதையில், இரு சொற்களை ஒன்றாக மடித்து வைத்த விளையாட்டுச் சொற்களை இரண்டு அறை கொண்ட பயணப்பெட்டிக்கு ஒப்பிட்டார். இலக்கிய உலகம் அதைக் கொண்டாடியது. தட்டிவானை ஆக்கியவரின் பெயரோ எவருக்கும் தெரியாது.

விளையாட்டாகப் பிறந்த சொற்களுள் எல்லாம் விளையாட்டுக் காலத்துக்குரியவையல்ல. 1990 யூனில் போர் மீண்டும் மூண்ட பின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. எரிபொருளும் பற்றரியும் சவர்க்காரமும் தடைப்பட்ட பொருள்கள். பஞ்சில் நனைத்த சிறிதளவு மண்ணெண்ணெயில் எரிந்த ‘யாம்போத்தல் விளக்கு’ அக்காலத்துப் பிறப்பு. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைச் சுழற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்னில் றேடியோ கேட்டவர்கள் இந்த வானொலிப் பேச்சையும் இன்று கேட்டுக்கொண்டிருக்கக்கூடும்.

வானத்தில் வந்தவற்றுக்கும் பெயர் வேண்டியிருந்தது. ‘பொம்பர்’ என்ற ஆங்கிலச் சொல் ‘பொம்மர்’ என மெலிந்தது. இத்தாலிய ‘சியாய் மார்க்கெட்டி’ விமானம், 1987 மே மாதத்து வடமராட்சிப் படை நடவடிக்கையைக் கண்ட எங்கள் பகுதியினர் வாயில் ‘சியாமாச்செட்டி’ ஆயிற்று. கடன் கேட்டு வரும் வியாபாரியின் பெயர்போல ஒலிக்கும் அச்சொல்லைச் சொல்லும்போது பதுங்குகுழிக்குள்ளும் எவராவது சிரிப்பதுண்டு. மெதுவாக வட்டமிட்டுக் குண்டுகளை உருட்டித் தள்ளிய போக்குவரத்து விமானத்துக்குப் பாரவண்டியின் பழந்தமிழ்ப் பெயர் வந்து பொருந்தியது: ‘சகடை’. பின்னர் ஆளில்லாமல் இரைந்துகொண்டு வந்த வேவு விமானம் ‘வண்டு’ ஆனது. 1944இல் தங்கள் மேல் வந்து விழுந்த ஜேர்மனியப் பறக்கும் குண்டுக்கு இலண்டன் வாசிகள் ‘டூடில்பக்’ என்று ஒரு பூச்சியின் பெயரை வைத்தார்கள். நம்மவர் அவர்களைப் பார்த்து வைக்கவில்லை. இரைச்சலைக் கேட்டபடி கீழே நிற்கும் மனிதருக்கு எந்த நாட்டிலும் ஒரே எண்ணந்தான் தோன்றுகிறது போலும்.

1996இல் இலங்கைக்கு வந்த கிபிர் விமானத்துக்கு மட்டும் அப்படியொரு பட்டப்பெயர் நிலைத்ததாக நான் கேட்டதில்லை. கிபிர் என்றால் எபிரேய மொழியில் சிங்கக்குட்டி. ஒலி காதில் விழுமுன் குண்டு விழுந்துவிடும் ஒன்றுக்குப் பெயர் யோசிக்க எவருக்கு அவகாசம் இருந்தது? கேலிக்கும் சிறிது தூரம் வேண்டும்.

அதே தொண்ணூறுகளில் விடுதலைப் புலிகளின் நிர்வாகத்தில் கடைப் பலகைகள் தமிழாக்கப்பட்டன. பேக்கரி ‘வெதுப்பக’மானது, ஐஸ்கிறீம் ‘குளிர்களி’யானது. மேலிருந்து வந்த சொற்கள் என்பதால் அவை பொய்த்துவிடவில்லை. வெதுப்பகம் இன்றும் பலகைகளில் இருக்கிறது. புலம்பெயர்ந்தோருடன் கடலும் கடந்திருக்கிறது. சனம் வாயில் போட்டுப் பார்த்து, ருசித்ததை வைத்துக்கொண்டது.

என் கவலை மற்றையவற்றைப் பற்றியது. காபனீரொட்சைட்டைப் பாடநூல் காப்பாற்றும். கெமிஸ்தத்தை நூலகம் காப்பாற்றும். சியாமாச்செட்டியையும் சகடையையும் யார் காப்பார்? 2009க்குப் பின் பிறந்த பிள்ளைக்கு வண்டு என்றால் பூவில் வந்து அமரும் வண்டு மட்டுமே. அப்பொருள்கள் போனதில் எவருக்கும் துயரில்லை. போனவை போனவையாகவே இருக்கட்டும். ஆனால் எத்தனை விமானம் வந்தது, எத்தனை குண்டு விழுந்தது என்று எழுதிவைத்த ஏடுகளில், கீழே நின்றவர்கள் அஞ்சியபடியே எப்படிச் சிரித்தார்கள் என்பது இல்லை. அது இந்தச் சொற்களில் மட்டுமே இருக்கிறது.

ஆகவே, நேயர்களே, உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் கேளுங்கள். எந்தப் பொருளுக்கு என்ன சொல், எந்த ஊரில், எந்த ஆண்டளவில் வழங்கியது என்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். ஊருக்கு ஊர் சொல் வேறுபட்டால் இரண்டையும் எழுதுங்கள். அச்சொற்களை ஆக்கியவர்களுள் பலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள்.