பங்குதோறும் வாசிக்கப்பட்ட ஆணை

திருமண ஓலை வாசிக்கக் கேட்கும் நாம், அதனை மும்முறை வாசிக்கப் பணித்த ஆணையே ஓர் ஓலைபோல் பங்குதோறும் வாசிக்கப்பட வேண்டியிருந்ததை எண்ணிப் பார்ப்பதில்லை.

1563 நவம்பர் 11-ஆம் நாள் திரெந்துப் பொதுச்சங்கம் 'தமெத்சி' என்னும் அவ்வாணையை இயற்றிற்று. பங்குக்குருவோ அவர்தம் இசைவு பெற்ற குருவோ, இரண்டு மூன்று சாட்சிகளோடு முன்னிலையில் இல்லாத திருமணம் செல்லாது என்பது அதன் சாரம். மறைவில் மணந்த மனைவியைக் கைவிட்டு, மற்றொருத்தியை ஊரறிய மணந்தோரின் கொடுமையை ஆணையே எடுத்துரைக்கிறது.

ஆயினும், அறியாதவரைச் சட்டம் கட்டலாகாது என்று சங்கத் தந்தையர் கருதினர் போலும். ஒவ்வொரு பங்கிலும் முதன்முறை அறிவிக்கப்பட்டு முப்பது நாள் கழிந்த பின்னரே அங்கு அது நடைமுறைக்கு வரும் என்றனர். நேரிய ஏற்பாடுதான், ஆனால் அதன் விலை? அறிவிக்கப்பட்ட பங்கில் செல்லாத மணம், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து போன்ற அறிவிக்கப்படாத நாடுகளில் திருச்சபையின்முன் செல்லுபடியாயிற்று. ஒரு பெண் மனைவியா அல்லளா என்பது, என்றோ ஒரு ஞாயிறன்று குருவானவர் ஓர் ஏட்டை வாசித்தாரா என்பதைப் பொறுத்திருந்தது!

வாசித்ததற்குப் பதிவேடு இல்லையெனில்? சங்கத்தின் ஆணை என்றே மக்கள் அதனை நெடுநாள் கைக்கொண்டு வந்திருந்தால், அவ்வழக்கமே அறிவிப்புக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. ஏடு பேசாதவிடத்து மக்களின் வாழ்வு பேசிற்று என்போம்.

பத்தாம் பத்திநாதர் காலத்தில், 1907-இல் வெளிவந்த 'நே தேமெரே' ஆணை, ஆயர்களுக்கு அனுப்பப்பட்டதே போதிய அறிவிப்பு என்றது. 1908 ஏப்ரல் 19, உயிர்ப்புப் பெருவிழாவன்று அது நடைமுறைக்கு வந்தது. புதிய மணங்களுக்குப் பங்குதோறும் சான்று தேடும் வேலை அன்றோடு நின்றது.