லிஸ்பன் நகரின் உப்புக் காட் மீன் வணிகம்

போர்த்துக்கேய மொழியில் காட் மீனுக்குப் பக்கல்யாவ் என்று பெயர். அன்றாடப் பேச்சில் இச்சொல் பெரும்பாலும் அம்மீனைப் பிளந்து, உப்பிட்டு, உலர்த்திய கருவாட்டையே குறிக்கும். போர்த்துகல் நாட்டின் கிறிஸ்துமஸ் முந்தைய இரவு விருந்தில் முதலிடம் பெறும் இம்மீன், அந்நாட்டுக் கடலில் கிடைப்பதில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

தொலைகடல் மீன்

காட், வட அட்லாண்டிக்கின் குளிர்நீரில் வாழ்வது. இதன் கொழுப்பு பெரும்பாலும் ஈரலில் சேர்வதால் சதை எளிதில் சிக்கெடுப்பதில்லை. உப்பிட்டால் நெடுநாள் தாங்கும். 16ஆம் நூற்றாண்டிலேயே போர்த்துக்கேயர் நியூபவுண்ட்லாந்துக் கடலுக்குச் சென்று இதைப் பிடித்தனர். கத்தோலிக்கர் இறைச்சி உண்ணாத நோன்பு நாட்களால் இதன் தேவை பெருகியது. பின்னர் அம்மீன்பிடிப்பு நலிந்து, நாடு இறக்குமதியையே நம்ப வேண்டியதாயிற்று.

அரசும் மீனவரும்

சலசார் ஆட்சி 1934இல் காட் வணிகத்தை ஒழுங்குபடுத்தத் தனி ஆணையம் அமைத்து, சொந்தக் கப்பல்களையும் ஊக்குவித்தது. இரண்டாம் உலகப் போரில் நடுநிலையைக் காட்ட வெள்ளை வண்ணம் பூசப்பட்டதால் இக்கப்பல்கள் 'வெள்ளைக் கப்பற்படை' எனப் பெயர் பெற்றன. பல மாதப் பயணத்தில், ஒவ்வொரு மீனவரும் தட்டையான அடிப்பாகமுள்ள சிறு படகில் தனியாக இறங்கித் தூண்டில் கயிறு போட்டார். மூடுபனியில் தாய்க்கப்பலைத் தவறவிட்டால் உயிருக்கே ஆபத்து. நகரத்தில் மலிவாகக் கிடைத்த மீனின் உண்மை விலையை இவர்களே செலுத்தினர். 1974இல் ஆட்சி வீழ்ந்தது. தனிப்படகு மீன்பிடிப்பும் அக்காலத்தோடு முடிந்தது. அளவுக்கு மீறிய மீன்பிடிப்பால் மீன்வளம் சரிந்ததால், 1992இல் கனடா நியூபவுண்ட்லாந்தின் வடபகுதிக் காட் மீன்பிடிப்புக்குத் தடை விதித்தது. இன்று போர்த்துகலுக்கு வரும் மீனில் பெரும்பங்கு நார்வே, ஐஸ்லாந்து பகுதிகளைச் சேர்ந்தது.

கடைத்தெரு

லிஸ்பனில் இவ்வணிகத்துக்குப் பெயர்பெற்ற இடம், ஆற்றங்கரையை ஒட்டிய ருவா து ஆர்செனால் தெரு. பழைய மளிகைக் கடைகளில் பிளந்த மீன்கள் பலகைபோல் அடுக்கப்பட்டிருக்கும். வாசனையே கடையைக் காட்டிக்கொடுக்கும். வாங்குபவர் முழு மீனைத் தேர்ந்தெடுக்க, கடைக்காரர் அதை வெட்டித் தருவார். தடித்த நடுத்துண்டு விலை மிக்கது. ஓரத் துண்டுகளும் நாக்கும் கன்னச் சதையும்கூட விற்பனையாகும்.

தரம் அறிதல்

எடையை வைத்து மீன் வகைப்படுத்தப்படுகிறது: 1 முதல் 2 கிலோ வரை 'வளர்ந்தது', 2 முதல் 3 கிலோ வரை 'பெரியது', 3 கிலோவுக்கு மேல் 'சிறப்பு'. நன்கு உலர்ந்த மீனை வாலைப் பிடித்துத் தூக்கினால் வளையாமல் விறைத்து நிற்கும். தொய்ந்தால் ஈரம் மிகுதி. ஈரம் மிகுந்த மீனில் வாங்குபவர் தண்ணீருக்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறார். மரபு முறையில் பதமான மீன் வைக்கோல் நிறச் சாயல் கொண்டிருக்கும். இளஞ்சிவப்புத் திட்டுகள், உப்பில் வளரும் நுண்ணுயிர்களால் மீன் கெடத் தொடங்கியதன் அடையாளம். சமைக்கும் முன் ஒன்று அல்லது இரண்டு நாள் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பை நீக்குவர்.

இப்போது பேரங்காடிகள் ஊறவைத்து உறையவைத்த துண்டுகளைப் பொதியில் விற்கின்றன. வாலைத் தூக்கிப் பார்த்து வாங்கும் பழக்கத்துக்கு அங்கே இடமில்லை. கடலில் அந்த உழைப்பு மறைந்த பின்னும், மீனைக் கண்ணாலும் கையாலும் மதிப்பிடும் அறிவு நகரின் பழைய கடைகளில்தான் எஞ்சியுள்ளது.