பேண்ட் வெட்டத் தெரிந்தவர் யார்? – ஒரு கால்சட்டையின் வரலாறு

"இந்த பேண்ட் எங்கே தைத்தது?" என்று 1980-களில் யாரையாவது கேட்டிருந்தால் ஒரு டைலர் கடையின் பெயர் பதிலாக வந்திருக்கும். இன்று கேட்டால் ஒரு கம்பெனியின் பெயர் வரும். "வீட்டிலேயே அளவெடுத்து, வெட்டி, தைத்தது" என்ற பதில் அன்றும் அபூர்வம், இன்றும் அபூர்வம். இத்தனைக்கும் தையல் மெஷின் இல்லாத தெருவே தமிழ்நாட்டில் இருக்காது! ஜாக்கெட், பாவாடை, கவுன் எல்லாம் வீட்டில் தைக்கப்படும்போது பேண்ட் மட்டும் ஏன் வெளியே போனது? பதில் துணி வெட்டும் மேஜையில் இருக்கிறது.

காகிதம் பிறந்த கதை

அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846-ல் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1851-ல் ஐசக் சிங்கர் தன் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1856 முதல் சிங்கர் கம்பெனி தவணை முறையில் விற்கத் தொடங்க, சாதாரணக் குடும்பங்களுக்குள்ளும் மெஷின் நுழைந்தது. ஆனால் மெஷின் தைக்கத்தான் செய்யும், வெட்டித் தராது. துணியை எங்கே வெட்டுவது என்பது தையற்காரர்களின் தொழில் ரகசியமாகவே இருந்தது.

அதை உடைத்தவரும் ஒரு தையற்காரர்தான். மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த எபனேசர் பட்டரிக் 1863-ல் பல அளவுகளில் காகித மாதிரிகளைத் தயாரித்து விற்க ஆரம்பித்தார். முதலில் வந்தவை ஆண்களுக்கும் சிறுவர்களுக்குமான உடைகள். பெண்களுக்கானவை பிறகுதான் வந்தன. காகிதத்தைத் துணி மேல் வைத்து, குறித்து, வெட்டினால் போதும். ஜெர்மனியில் 1950-ல் தொடங்கிய புர்தா பத்திரிகையும் இந்த மாதிரிகளால்தான் உலகப் புகழ் பெற்றது.

மெஷின் வந்தது, காகிதம் வரவில்லை

இந்தியாவுக்கு சிங்கர் மெஷின் 19-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. 1930-களில் கல்கத்தாவின் ஜெய் இன்ஜினியரிங் ஒர்க்ஸ் 'உஷா' மெஷினைத் தயாரித்தது. இயந்திரங்களைச் சந்தேகத்தோடு பார்த்த காந்தியே, 1924-ல் ஓர் உரையாடலில் சிங்கர் தையல் மெஷினுக்கு விலக்கு அளித்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

ஆனால் காகித மாதிரி இங்கே வேரூன்றவில்லை. வேட்டிக்கும் சேலைக்கும் அது தேவையில்லை. வெள்ளைக்காரர் வீடுகளில் தையற்காரர் வராந்தாவில் உட்கார்ந்து, கொடுத்த பழைய உடையைப் பார்த்து அப்படியே புதிதாகத் தைத்துக் கொடுப்பார். நம் வீடுகளிலும் 'அளவு ஜாக்கெட்' கொடுக்கும் பழக்கம் இன்று வரை இருக்கிறது. உடம்பை நேரில் அளக்க ஆள் இருக்கும்போது அச்சடித்த காகிதம் எதற்கு?

இதனால் வெட்டும் வித்தை கடைக்குள்ளேயே தங்கிவிட்டது. அங்கேயும் படிநிலை உண்டு. புதிதாகச் சேரும் பையன் காஜா எடுப்பான், பட்டன் கட்டுவான். பிறகு மெஷினில் உட்காருவான். கத்தரிக்கோல் மட்டும் கட்டிங் மாஸ்டர் கையில்தான் இருக்கும்.

பேண்ட் விஷயத்தில் இது இன்னும் கடுமை. இடுப்பு, சீட், தொடை, முட்டி, பாட்டம், முழு உயரம், உள்கால் உயரம் என ஏழெட்டு அளவுகள் வேண்டும். பின்பாகம் முன்பாகத்தைவிட அகலம். கவட்டை வளைவும் பின்னால் நீளம், ஏனென்றால் உட்காரும்போது துணி அங்கேதான் இழுபடும். அந்த வளைவு அரை இன்ச் தப்பினாலும் உட்கார்ந்தால் பிடிக்கும், நின்றால் தொங்கும். 58 இன்ச் அகலத் துணியில் ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டர் வீணாகிவிடும் என்ற பயத்திலேயே பலர் தொடுவதில்லை.

மத்திகிரியின் கால்சட்டைகள்

ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் 1824-ல் ராணுவத்துக்காகக் குதிரைப் பண்ணை அமைக்கப்பட்டது. 1924-ல் அது அரசின் கால்நடைப் பண்ணையாக மாறியது. குதிரை ஏறுபவனுக்குக் கால்சட்டை அவசியம், ஆனால் ஊரெல்லாம் பேண்ட் போட்டது அதனால் அல்ல. 1970-களில் ஓசூரில் சிப்காட் வந்தது. 1980-களில் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என ஆலைகள் வளர்ந்தன. ஷிப்ட் வேலையோடு யூனிபார்ம் பேண்டும் வந்தது. 2011-ல் மத்திகிரி ஓசூர் நகராட்சியோடு இணைந்தது, 2019-ல் ஓசூர் மாநகராட்சியானது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசும் இந்த எல்லை ஊரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர்தான். அங்கே ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்யும் ஆயத்த ஆடை ஆலைகள் இருக்கின்றன.

பெண்கள் கைக்கு வந்த பேண்ட்

தமிழ்நாட்டில் பெண்கள் பெருமளவில் கால்சட்டை தைக்கத் தொடங்கியதற்கு ஒரு முக்கியக் காரணம் பள்ளிக்கூடம். 1985-ல் சத்துணவு சாப்பிடும் மாணவர்களுக்கு இலவசச் சீருடை தொடங்கப்பட்டது. 2012-13 முதல் ஆண்டுக்கு நான்கு ஜோடி ஆனது. உயர் வகுப்புப் பையன்களுக்கு அரைக்கால் சட்டை போய் முழுக்கால் சட்டையும் வந்தது. இவற்றைத் தைப்பவர்கள் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்கள். துணியை வாங்கி வந்து வீட்டிலேயே தைத்துக் கொடுக்கும் பெண்கள் ஏராளம்.

பட்டரிக் கண்ட கனவு நிறைவேறியது போலத் தோன்றுகிறது, இல்லையா? பாதிதான் நிறைவேறியது. மொத்தமாகத் தைக்கும் இடத்தில் துணி வெட்டுவது ஒரு தனி வேலை. ஆயத்த ஆடை ஆலையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஒருவர் பாக்கெட், ஒருவர் ஜிப், ஒருவர் இடுப்புப் பட்டி. மாதிரி கம்ப்யூட்டரில் இருக்கும். பத்து வருடம் பேண்ட் தைத்தவருக்கும் தன் மகனுக்கு ஒரு பேண்ட் வெட்டத் தெரியாமல் போகலாம். கூலிக்குத் தைப்பவருக்கும் சொந்தமாகக் கடை வைப்பவருக்கும் உள்ள இடைவெளி அந்த ஒரு வித்தைதான்.

அது கற்க முடியாத வித்தை அல்ல. அரசுத் தேர்வுகள் துறையின் தொழில்நுட்பத் தேர்வுகளில் தையலுக்கு லோயர், ஹையர் என இரு நிலைகள் உண்டு. ஐ.டி.ஐ.க்களிலும் தையல் ஒரு பாடப்பிரிவு. பிரவுன் பேப்பர், இன்ச் டேப், ஸ்கேல், பென்சில் இருந்தால் போதும். காகிதத்தில் தப்பினால் நஷ்டம் சில ரூபாய்தான், துணி தப்பித்துக்கொள்ளும். ஒருமுறை சரியாக வந்த மாதிரியை மடித்து வைத்தால் அடுத்த பேண்டுக்கும் உதவும், பையன் வளர்ந்தால் ஓரத்தில் ஒரு இன்ச் கூட்டிக்கொள்ளலாம். இலவச மெஷின் கொடுக்கும் அரசும் தொண்டு நிறுவனங்களும் கூடவே இந்தக் காகிதத்தையும் வெட்டப் பழக்கினால், மெஷினின் மதிப்பு இரட்டிப்பாகும்.