இளவேனில் விழாவும் அயலார் பணியும்

1. முன்னுரை

சித்திரை, வைகாசி ஆகிய இரு திங்களையும் இளவேனில் என வகுத்துரைப்பர் உரையாசிரியர். அவற்றிற்கு முன்னிற்கும் பங்குனி பின்பனியின் இறுதித் திங்களாயினும், விழாக்களை நோக்குமிடத்து இளவேனிலின் தலைவாயிலாகவே அமைந்துள்ளது. களத்து நெல் வீடு சேர்ந்து உழவர் ஓய்ந்திருக்கும் காலம் அது. ஆற்றில் நீர் சுருங்கி மணல் விரிந்து, மக்கள் கூடுதற்கு இடந்தரும் காலமும் அதுவே. தமிழகத்தின் தொன்மையான விழாக்களுட் பல இப்பருவத்தில் அமைந்தமைக்கு இவை காரணமாதல் கூடும்.

இவ்விழாக்களைப் பற்றி எழுந்த ஆராய்ச்சிகள் பெரும்பாலும் இரண்டினையே முதன்மையாகக் கொண்டன: ஒன்று, விழாவிற்குரிய தெய்வம், மற்றொன்று, விழாவை நடத்திய அரசன். விழாவைத் தாங்கி நின்ற மூன்றாவதொன்று உண்டு. அஃது ஊரார் ஒருவர்க்கொருவரும், வழிவந்த அயலார்க்கும் செய்த பணியாகும். புதுமணல் பரப்புதல், அடுப்பு மூட்டுதல், தண்ணீர் வார்த்தல், வருவோர்க்கு இடந்தருதல் போன்ற இச்சிறு செயல்கள் வரலாற்றில் உரிய இடம் பெறவில்லை. அரசனை மட்டும் சார்ந்து நின்ற விழா அரசனோடு மறைந்தது என்பதும், அயலார் பணியைச் சார்ந்து நின்ற விழா அரசு மாறியும் நிலைத்தது என்பதும் இக்கட்டுரையில் ஆராயப்படும்.

2. புகாரின் இந்திர விழா

இந்திர விழாவைப் பற்றிச் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் விரிவாகக் கூறுகின்றன. சித்திரைத் திங்களில் சித்திரை நாளும் நிறைமதியும் கூடிய நாளில் விழா தொடங்கியதெனச் சிலம்பு குறிக்கும். அவ்விழா இருபத்தெட்டு நாள் நடைபெற்றதென மணிமேகலையால் அறிகின்றோம். விழாவை முதலில் எடுப்பித்தவன் தூங்கெயில் எறிந்த தொடித்தோட் செம்பியன் என்பது அந்நூல் தரும் செய்தி.

மணிமேகலையின் முதற் காதையாகிய விழாவறை காதை ஈண்டு நுணுகி நோக்கற்பாலது. வச்சிரக் கோட்டத்து முரசினை யானையின் பிடரில் ஏற்றி, முதுகுடிப் பிறந்த ஒருவன் நகர்க்கு விழாவை அறிவிக்கின்றான். அரசனை வாழ்த்தித் தொடங்கும் அவ்வறிவிப்பின் பெரும்பகுதி நகரமாந்தர் செய்ய வேண்டிய பணிகளின் நிரலாகவே உள்ளது. வீதியிலும் மன்றத்திலும் பழைய மணலை மாற்றிப் புதுமணல் பரப்புக என்கின்றான்; கமுகும் வாழையும் கரும்பும் நடுக என்கின்றான்; நிறைகுடமும் விளக்கும் வைக்குமாறு பணிக்கின்றான். அறவுரை கூற வல்லார் பந்தரிலும் பொதியிலிலும் அமருமாறும், சமயவாதிகள் முறையறிந்து பட்டிமண்டபம் ஏறுமாறும் வேண்டுகின்றான். இறுதியில், தம்மோடு பொருந்தாத மாக்களைக் காணினும் அவரோடு சினமும் பூசலும் கொள்ளாது விலகிச் செல்லுமாறு எல்லோரையும் கேட்டுக்கொள்கின்றான்.

இவ்விறுதிக் கூற்று மிகவும் இன்றியமையாதது. பகைவர் இல்லாத ஊர் ஒன்றை முரசறைவோன் கற்பனை செய்யவில்லை. சமயங்கள் பலவாகவும், மொழிகள் பலவாகவும், வணிகர் பலராகவும் நிறைந்த துறைமுக நகரத்தில் பொருந்தாதார் ஒருவர்க்கொருவர் எதிர்ப்படுதல் இயல்பு. அவர்களை நண்பராக்க அறிவிப்பு முயலவில்லை. இருபத்தெட்டு நாளேனும் ஒரே மணலில் நடக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. விழா என்பது அயன்மைக்கு ஒரு பயிற்சி என்னும் எண்ணம் இதனாற் பெறப்படும்.

ஆயின் அவ்விழா நிலைக்கவில்லை. நெடுமுடிக்கிள்ளி தன் மகனைக் கடலில் இழந்த துயரால் விழாவை மறந்தான் என்றும், அதன் விளைவாகப் புகார் நகரைக் கடல் கொண்டது என்றும் மணிமேகலை கூறும். காப்பியச் செய்தியை அப்படியே வரலாற்று நிகழ்ச்சியாகக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும் விழாவைப் பற்றி அக்காலத்தார் கொண்டிருந்த எண்ணத்திற்கு அது தக்க சான்றாகும். மணல் பரப்பியவர் நகரமாந்தரே. விழாவைத் தொடங்கும் உரிமையோ அரசன் ஒருவனிடமே இருந்தது. அவ்வொருவனுடைய துயர் நகரின் விழாவையே நிறுத்திற்று.

3. உறையூர்ப் பங்குனியும் தீயற்ற அடுப்பும்

உறையூரின் பங்குனி உத்திரம் பழந்தமிழகத்தின் பெயர்பெற்ற விழாக்களுள் ஒன்று. மதுரை ஆவணி அவிட்டத்தோடும் கருவூர் உள்ளி விழாவோடும் சேர்த்து இதனை இறையனார் களவியலுரை குறிப்பிடுகின்றது. இவ்விழாவின் தன்மையை அறிய உதவுவது அகநானூற்றின் 137ஆம் பாட்டு. உறையூர் முதுகூத்தனார் பாடிய அப்பாட்டில், ஒளியிழந்த தலைவியின் நுதலுக்கு உவமையாகப் பங்குனி விழா முடிந்த மறுநாட் காலத்து ஆற்றிடைச் சோலை காட்டப்படுகின்றது. அங்கே அடுப்புகள் உள்ளன. அவற்றில் தீ இல்லை.

உவமை பிரிவின் துயரைக் காட்ட வந்தது. எனினும் வரலாற்று மாணவர்க்கு அது வேறொன்றையும் தெரிவிக்கின்றது. காவிரிக்கரை மணற்சோலையில் அடுப்புகள் கிடந்தனவெனின், முதல்நாள் அங்கு மக்கள் சமைத்து உண்டனர் என்பது தெளிவு. விழாவிற்கு வந்தோர் வழிபட்டு உடனே மீண்டவரல்லர். குடும்பம் குடும்பமாகத் தங்கி, அருகருகே அடுப்பிட்டு உணவாக்கியிருத்தல் வேண்டும். அருகில் அடுப்பிட்டவரிடம் நெருப்பும் நீரும் கேட்டுப் பெறுதல் அத்தகைய இடத்தில் இயல்பாக நிகழ்வது. பாட்டில் அது கூறப்படவில்லையாயினும், அவிந்த அடுப்புகளின் தோற்றம் புலவர்க்கு வெறுமையின் அடையாளமாகப் பட்டது. எரிந்த அடுப்பே விழாவின் உயிர் என்று அவர் கருதியதனாலன்றோ தீயற்ற அடுப்பு பாழுக்கு உவமையாயிற்று?

4. தண்ணீர்ப் பந்தல்

வேனிற்கால அயலார் பணிகளுள் தலையாயது தண்ணீர்ப் பந்தல். இதனைப் பற்றிய சிறந்த இலக்கியச் சான்று, 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்து அப்பூதியடிகள் வரலாறு. திங்களூரில் வாழ்ந்த அந்தணராகிய அப்பூதியார், தாம் கண்டறியாத வேளாண்குடித் திருநாவுக்கரசரின் பெயரைத் தம் மக்களுக்கும் மனையிலுள்ள பொருள்களுக்கும் இட்டார். வழியில் தாம் அமைத்த தண்ணீர்ப் பந்தலுக்கும் அப்பெயரே வைத்தார். எண்ணற்றோர் நடந்து செல்லும் பெருவழியில், கடுவேனிலின் வெம்மையைப் போக்கி, நீர் நிறைந்த குளம்போற் குளிர்ச்சி பரப்பிய பந்தல் அது எனச் சேக்கிழார் வருணிக்கின்றார். அவ்வழி வந்த நாவுக்கரசர், பந்தலில் தம் பெயரைக் கண்டு வியந்து, அமைத்தவர் யார் என வினவுகின்றார். இருவர்க்கும் உண்டாகிய உறவு அப்பந்தலின் நிழலிலிருந்தே தொடங்குகின்றது. நீர் வார்ப்பவன் தன் பெயரை எழுதாமல் பிறர் பெயரை எழுதினான் என்பது கருதத்தக்கது.

இலக்கியம் காட்டும் இப்பணிக்குக் கல்வெட்டுகளும் சான்றளிக்கின்றன. சோழர் காலக் கல்வெட்டுகளில் தண்ணீர்ப் பந்தலுக்கென நிலம் விடப்பட்ட செய்திகள் காணப்படுகின்றன. நிலத்தின் விளைவிலிருந்து, நீர் இறைத்துக் கொணர்வார்க்கும், வருவோர்க்கு நீர் வார்ப்பார்க்கும், கலம் வனைந்தளிக்கும் குயவர்க்கும் ஊதியம் வகுத்துள்ளனர். ஒரு மிடறு தண்ணீருக்குப் பின்னே உழவரும் குயவரும் பணியாளரும் சேர்ந்த ஓர் அமைப்பு இருந்தமை இதனால் விளங்கும். அறம் என்பது ஒருவரது இரக்கத்தில் தொடங்கினும், அவர் மறைந்த பின்னும் நடைபெற வேண்டுமாயின் பலருடைய பொறுப்பாகப் பகிரப்படல் வேண்டும். இதனை அக்காலத்தார் நன்கு உணர்ந்திருந்தனர்.

5. மதுரைச் சித்திரை விழா

மேற்கூறிய கூறுகள் அனைத்தையும் இன்றும் ஒருங்கே காணத்தக்க இடம் மதுரை. மீனாட்சியம்மன் திருமணம் முன்பு மாசித் திங்களில் நடைபெற்றதென்றும், அழகர் சித்திரை நிறைமதியன்று தேனூருக்குச் சென்று வந்தாரென்றும், இரண்டினையும் சித்திரையில் மதுரையில் இணைத்தவர் திருமலை நாயக்கர் (1623–1659) என்றும் மரபு கூறும். இதற்கு ஊரிலேயே தடயங்கள் உள்ளன. சித்திரையில் ஓடும் தேர் இன்றும் மாசி வீதிகளிலேயே வலம் வருகின்றது. தேனூரார் பெயரால் அமைந்த மண்டபம் வண்டியூரை அடுத்து வைகையில் நிற்கின்றது. விழா இடம் மாறியும் பழைய ஊரார்க்குரிய சிறப்பு முற்றும் பறிக்கப்படவில்லை என்பதற்கு அம்மண்டபம் கரி கூறும்.

தங்கையின் மணத்திற்கு வந்த அழகர், மணம் முடிந்தது கேட்டுச் சினந்து, ஊருக்குள் நுழையாமல் வண்டியூர் நோக்கிச் சென்றார் என்பது நாட்டார் வழக்கு. மண்டூக முனிவரின் சாபம் தீர்க்க வந்தார் என்பது கோயில் வரலாறு. இரண்டனுள் முன்னையதே மக்கள் நாவில் மிகுதியும் வழங்குவது. சைவ, வைணவப் பெருங்கோயில்கள் இரண்டினை அண்ணன் தங்கை உறவால் அது பிணைக்கின்றது. பிணைப்பதோடு நில்லாமல், உறவினரிடை எழும் மனத்தாங்கலையும் ஒளியாது கூறுகின்றது. அழகர் கோயிலின் சமுதாயத் தொடர்புகளைத் தொ. பரமசிவன் தம் ஆய்வுநூலில் விரிவாக விளக்கியுள்ளார்.

அழகர்மலையிலிருந்து மதுரை வரை ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வழியில் அழகர் பல நூறு மண்டபங்களில் தங்கிச் செல்கின்றார். ஒவ்வொரு தங்கலும் மண்டகப்படி எனப்படும். அதனை ஏற்று நடத்துவோர் ஊராராகவும், தொழிற் குழுவினராகவும், தனிக் குடும்பத்தினராகவும் உள்ளனர். மூன்றுமாவடியில் நகரத்தார் திரண்டு சென்று எதிர்சேவை செய்கின்றனர். வழிநெடுக நீர்மோரும் பானகமும் வழங்கும் பந்தல்கள் எழுகின்றன. வேண்டுதல் உடையோர் துருத்தியால் நீர் பீய்ச்சுவர். வேற்றூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தோர் முன்னாளில் ஆற்று மணலிலேயே அடுப்பிட்டுத் தங்கினர். உறையூர் முதுகூத்தனார் கண்ட காட்சி இங்கே வைகைக் கரையில் தொடர்ந்தது எனலாம்.

நாயக்கர் ஆட்சி 1736இல் முடிவுற்றது. பின்னர் நவாபு ஆட்சியும், அதன்பின் கும்பினி ஆட்சியும் வந்தன. விழாவை இணைத்த அரசின் வழி அற்றுப்போயிற்று, விழாவோ அற்றுப்போகவில்லை. புகாரின் நிலைக்கும் மதுரையின் நிலைக்கும் உள்ள வேறுபாடு இதுவே. ஒரு மண்டகப்படிக்காரர் தளர்ந்தால் அடுத்த மண்டபத்தார் உள்ளனர்; ஒரு பந்தலில் குடம் வற்றினால் பத்தடி தொலைவில் வேறொரு குடம் உள்ளது. சுமை பலர் தோளில் பகிரப்பட்டமையால் ஒருவர் துயர் விழாவை நிறுத்தவில்லை.

பெருந்தொற்றின் காரணமாக 2020, 2021 ஆகிய ஈராண்டுகளிலும் அழகர் மதுரைக்கு வரவில்லை. அவ்வாண்டுகளில் கோயிலுக்குள் சடங்கு செய்தற்குத் தடையில்லை. 2021இல் அழகர் கோயிலுக்குள்ளேயே ஆற்றில் இறங்கும் நிகழ்ச்சி அடையாளமாக நடத்தப்பட்டது. நிகழாதன எதிர்சேவையும் மண்டகப்படியும் மோர்ப் பந்தலுமே. அவை 2022இல் மீண்டும் நிகழ்ந்தபோதுதான் விழா மீண்டது.

6. பந்தலின் எல்லை

இதுகாறும் கூறியவற்றால், விழா எல்லோரையும் ஒன்றாக்கிற்று என்று முடிவு கட்டுதல் பிழையாகும். மண்டகப்படி என்பது பணி மட்டுமன்று, உரிமையும் மதிப்புமாகும். யார் முதலில், யார் பின்னர் என்னும் வரிசை அதனுள் உண்டு. வரிசையில் இடமே பெறாதாரும் உண்டு. ஆற்று மணலில் அழகரைக் கண்டவர்களுட் பலர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் செல்ல இயலாதிருந்தனர். 1939ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்கள் அக்கோயிலுள் நுழைந்த பின்னரே அத்தடை நீங்கிற்று. பொதுக்கிணற்றில் நீர் எடுக்கவும் பலர்க்கு உரிமை மறுக்கப்பட்டிருந்த நாட்டில், தண்ணீர்ப் பந்தலின் அறத்தைப் புகழுங்கால் யாருக்கு எப்படி நீர் வார்க்கப்பட்டது என்னும் வினாவை ஆராய்ச்சியாளர் தவிர்த்தல் ஆகாது. கிணறு, குளம், நீராடுதுறை ஆகியவற்றை எவர்க்கும் மறுத்தல் கூடாதென 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பு விதித்தது. அறமாக மட்டும் இருந்தது அன்றுதான் உரிமையாயிற்று.

இக்குறையை எடுத்துரைப்பதால் பழம்பணியின் பெருமை குன்றிவிடாது. குலவேறுபாடு கருதாது நாவுக்கரசரின் பெயரைப் பந்தலில் எழுதிய அப்பூதியாரை நாம் போற்றுவது, அத்தகைய செயல் அரிதாயிருந்ததனால் அன்றோ?

7. முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று செய்திகள் புலனாகும். விழாவைத் தொடங்கியவர் அரசராயினும் அதனைத் தாங்கியவர் அயலார். அயலார் பணி தனியொருவரின் கொடையாக நில்லாது பலரிடைப் பகிரப்பட்டபோது காலத்தை வென்றது. அப்பணி எவரை விலக்கிற்றோ, அவரளவில் விழா குறையுடையதாகவே இருந்தது.

புகாரின் முரசறைவோன் நகரமாந்தரிடம் வேண்டியது புதுமணலும் பூசலின்மையுமே. ஊர்தோறும் நிகழும் பங்குனி, சித்திரை விழாக்களின் மண்டகப்படி ஏடுகள், பந்தல் கணக்குகள், குயவர்க்கும் நீர் சுமந்தார்க்கும் அளிக்கப்பட்ட கூலிக் குறிப்புகள் ஆகியவற்றைத் தொகுத்து ஆராய்தல் இளம் ஆய்வாளர்க்குரிய கடன். கோபுரத்தை எழுப்பியவர் பெயர் கல்லில் உள்ளது. குடத்தில் நீர் நிறைத்தவர் பெயரைத் தேடிக் காணும்போதுதான் தமிழர் விழாக்களின் வரலாறு நிறைவெய்தும்.