தூசியும் இரைப்பும்: விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளை முன்னிட்டு

பாலைவனப் புழுதி இரைப்பு நோயை மிகுவிக்குமா என்னும் வினாவை ஆராயப் புகுவோர், அது எங்கிருந்து எழுந்தது என்பதைக் காட்டிலும் எதைச் சுமந்து வந்தது என்பதையே முதலில் கருதவேண்டும் என்பது என் துணிபு. சஹாராவின் புழுதி அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து கரீபியத் தீவுகளை அடைகிறது. அம்மூட்டம் கவிந்த நாட்களை ஒட்டி, டிரினிடாட்டில் ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையை நாடிய குழந்தைகளின் தொகை உயர்ந்ததென 2005இல் ஓர் ஆய்வு கூற, பார்படோஸைப் பற்றி 2008இல் வெளிவந்த ஆய்வோ அத்தகைய தெளிவான சம்பந்தத்தைக் காணவில்லை. ஜப்பானிய ஆய்வாளர், மங்கோலிய, சீனப் பாலைகளிலிருந்து வரும் மஞ்சள் புழுதியைச் சூடேற்றி, ஒட்டியிருந்த நுண்ணுயிர்ப் பொருள்களைப் போக்கியபின் எலிகளின் சுவாசத்தில் செலுத்தியபோது, அழற்சி தணிந்ததேயன்றி முற்றும் ஒழியவில்லை. ஆகவே சுமையும் குற்றவாளி. சுமந்துவந்த சிலிக்காத் துகளும் குற்றவாளி.

இரைப்பு நோயைத் தூண்டும் பிற பொருளும் சிலிக்காத் துகளும் கடல் கடவாமலே ஒரு கூரையின்கீழ்க் கூடும் இடம், திருமுதுகுன்றம் என்னும் பழம்பெயர் கொண்ட விருத்தாசலத்தின் பீங்கான் பட்டறை. சீனக்களிமண்ணும் குவார்ட்ஸும் பெல்ஸ்பாரும் நீரிற் கலந்த கூழாகப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றப்படும்போது தூசி அடங்கியே இருக்கிறது. அச்சிலிருந்து எடுத்து உலர்த்திய பொம்மையின் விலாவில் ஓடும் இணைப்பு வரியைக் கத்தியாற் சுரண்டி, உப்புத்தாளால் தேய்க்கும் அந்தக் கணத்திலேதான், கண்ணுக்குத் தெரியும் வெண்பொடி மடியில் விழ, கண்ணுக்குப் புலப்படாத நுண்பொடி மூச்சோடு உள்ளே செல்கிறது. குயவன் தலைமுறை தலைமுறையாக மண்ணோடு வாழவில்லையா என்பார்க்கு விடை இதுவே: சக்கரத்தின்மேல் அவன் கை தொட்டது ஈரமண்.

மெருகில் நீலம் வேண்டுமிடத்துச் சேர்க்கும் கோபால்ட், இரைப்பு நோயை அதிகப்படுத்துவதோடு நில்லாமல், சிலருக்கு அதைப் புதிதாகவே உண்டாக்கவல்லது. எரிபொருளிற் கந்தகம் உண்டாயின் சூளைப் புகையில் எழும் கந்தக டை ஆக்சைடு, ஆஸ்துமாக்காரரின் சுவாசக் குழாயைச் சொற்ப அளவிலேயே இறுக்கிவிடும்.

இங்கே ஒரு விபரீதம் நேரக்கூடும். ஆஸ்துமாவில் குழாய் சுருங்கி மீண்டும் விரியும். தொழிலால் வந்த இரைப்பாயின், பெரும்பாலும் விடுமுறையிற் குறைந்து வேலைக்குத் திரும்பியதும் தலைகாட்டும். சிலிக்காத் தூசியால் வரும் சிலிக்கோசிஸோ நுரையீரலையே தழும்பாக்குவது. வேலையை விட்டபின்பும் வளரக்கூடியது. காசநோய்க்கு வாசல் திறந்துவிடுவது. இரண்டிலும் மூச்சு வாங்கும், இருமல் வரும் என்பதால், சிலிக்கோசிஸ்காரருக்கும் இழுப்பு என்றெண்ணி இன்ஹேலர் மாத்திரம் கொடுத்தனுப்பினால், அவர் மறுநாளும் அதே தூசியில்தான் உட்காருவார். நோயாளி என்ன வேலை செய்கிறார் என்று கேட்பது, மார்பில் ஸ்டெதாஸ்கோப்பு வைப்பதற்குச் சமமான சோதனை என்றே நான் கருதுகிறேன்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சிலிக்கோசிஸை அறிவிக்கத்தக்க நோய்களின் பட்டியலிற் சேர்த்தது; ஆயினும் மின்விசையோடு 10 பேர் வேலைசெய்யும் இடத்தையே பொதுவாகத் தொழிற்சாலை என்று வரையறுத்தது. தொழிலிடப் பாதுகாப்பைப் பற்றிய 2020ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு அவ்வெண்ணை 20 ஆக உயர்த்தியது. சின்னஞ்சிறு பட்டறைகளை உத்தேசித்தால் இது எதிர்த்திசையில் வைத்த அடி. தூசி ஆட்களை எண்ணிப் பார்த்து எழுவதன்று.

முகத்திற் கட்டும் துணி நுண்துகளைத் தடுக்காது. உலர்ந்த விளிம்பை ஈரப் பஞ்சால் துடைத்துச் சமன்செய்தலும், துடைப்பத்தை விலக்கித் தரையை நீரால் கழுவுதலும், மெருகு தெளிக்குமிடத்தில் காற்றை வெளியே இழுக்கும் விசிறியும் சிறு பட்டறைக்கும் எட்டாதவை அல்ல. ஆனால் ஈரவேலையில் பொம்மைகளின் எண்ணிக்கை குறையும், உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பெறுவோருக்கு அந்த நஷ்டத்தை ஈடுசெய்யாதவரை அவர்கள் உப்புத்தாளைக் கீழே வைக்கமாட்டார்கள்.