குடவோலையும் எங்க அப்பார்ட்மெண்ட் காலி இடமும்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலை பத்து மணிக்கு எங்க அப்பார்ட்மெண்ட் அசோசியேஷன் ஜெனரல் பாடி மீட்டிங். பத்து மணின்னு நோட்டீஸ் போட்டா பதினொண்ணுக்குத்தான் ஆள் சேரும்னு எல்லாருக்கும் தெரியும். சேர்ந்தது. தாம்பரத்துக்குக் கிழக்கே, சேலையூர் பக்கம் எங்க குடியிருப்பு. நாலு பிளாக், 64 வீடு. அஜெண்டாவுல ஒரே ஒரு விஷயம்: பின்பக்கம் காம்பவுண்ட் சுவரை ஒட்டி ரெண்டு கிரவுண்டு அளவுக்குச் சும்மா கிடக்குற காலி இடத்தை என்ன பண்றது?

நாலு கட்சி. ரெண்டாவது கார் வாங்கினவங்க எல்லாம் பார்க்கிங் கட்சி. என் வயசுப் பசங்க ஷட்டில் கோர்ட் கட்சி. ரிட்டயர்ட் ஆனவங்களுக்கு நடைபாதையும் நாலு பெஞ்சும் வேணும். சின்னக் குழந்தை வெச்சிருக்கறவங்களுக்கு ஊஞ்சல், சறுக்கு மரம். ஒன்றரை மணி நேரம் கழிச்சு நானும் எழுந்து, "பசங்க ஏற்கனவே அங்க கிரிக்கெட் ஆடிட்டுதானே இருக்காங்க, அப்படியே விட்டா என்ன?"ன்னு கேட்டேன்.

முன்வரிசையில இருந்த ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்தார். "தம்பி நீங்க டெனன்ட் தானே? பேசலாம், தப்பில்ல. ஆனா ஓட்டு கிடையாது."

உட்கார்ந்துட்டேன். மீட்டிங் முடிவில்லாம ஒத்திவைக்கப்பட்டது.

அன்னிக்கு ராத்திரி குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்ல அதே பெரியவர் ஒரு ஃபார்வர்டு போட்டார். 1100 வருஷத்துக்கு முன்னாடியே உத்திரமேரூர்ல மக்கள் ஓட்டுப் போட்டாங்களாம், உலகத்துக்கே தேர்தல் சொல்லிக் கொடுத்தது தமிழனாம், ரெண்டு கும்பிடு, மூணு தீப்பந்தம். காலைல எனக்கு ஓட்டு இல்லைன்னவர், ராத்திரி உலகத்துக்கே ஓட்டு கொடுத்த பெருமையில இருக்கார் :-)

சரி, அந்தக் கல்வெட்டுல அப்படி என்னதான் எழுதியிருக்குன்னு பார்த்துடலாம்னு அடுத்த சனிக்கிழமை பைக்கை எடுத்தேன். செங்கல்பட்டு வரைக்கும் ஜிஎஸ்டி ரோடு, அப்புறம் உள்ளே திரும்பினா வயல், ஏரி, ஊர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல, கை எட்டுற உயரத்துல, வரி வரியா எழுத்து. போறதுக்கு முன்னாடி கல்வெட்டு வாசகத்தோட மொழிபெயர்ப்பைப் படிச்சுட்டுப் போனதால ஏதோ கொஞ்சம் பிடிபட்டது.

ரெண்டு கல்வெட்டு. ரெண்டும் முதலாம் பராந்தக சோழன் காலத்தது. முதலாவது அவனோட 12-ஆம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 919. ரெண்டாவது 14-ஆம் ஆட்சியாண்டு, கி.பி. 921. வெங்கய்யா என்ற கல்வெட்டு அறிஞர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துல இதை வெளியிட்டார். 1932-ல நீலகண்ட சாஸ்திரி விரிவா எழுதினார். 1948-ல அரசியல் நிர்ணய சபையில டி. பிரகாசம் இதை எடுத்துப் பேசியிருக்கார். 2020 டிசம்பர்ல புது நாடாளுமன்றக் கட்டிட அடிக்கல் நாட்டு விழாவுல பிரதமரும் பேசினார். அதுக்கப்புறம்தான் ஃபார்வர்டு மழை.

நம்ம கதைக்கு வேண்டியது இதுதான்: அந்தக் கல்வெட்டு மொத்தமும் பொது இடத்தை யார் பார்த்துக்கறதுங்கற பிரச்சனைதான். ராஜாவைத் தேர்ந்தெடுக்கிற சமாச்சாரமே இல்லை. ஊரை 30 குடும்பா பிரிச்சிருந்தாங்க. (குடும்புன்னா இன்னிக்கு வார்டு.) குடும்புக்கு ஒருத்தர், ஆக 30 பேர். அதுல 12 பேர் சம்வத்சர வாரியம், அதாவது ஊர்ப் பொது நிர்வாகம் பார்க்கற ஆண்டு வாரியம். 12 பேர் தோட்ட வாரியம். 6 பேர் ஏரி வாரியம். இது போக பொன் வாரியம், பஞ்சவார வாரியம்னு தனியா இருக்கு. ஆண்டு வாரியத்துக்கு, ஏற்கனவே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் பார்த்தவங்க, படிப்புலயும் வயசுலயும் மூத்தவங்களைத்தான் எடுக்கணும். முதல்ல தோட்டத்தையும் ஏரியையும் ஒழுங்கா பாரு, அப்புறம் ஊரைப் பார்க்கலாம்!

அடுத்தது குடவோலை. இங்கதான் ஃபார்வர்டு தப்பு பண்ணுது. இது ஓட்டு எண்ணுற சமாச்சாரம் இல்லீங்க, குலுக்கல். தகுதி உள்ளவங்க பேரையெல்லாம் ஓலையில எழுதி, குடும்பு வாரியா கட்டி, குடத்துல போடறாங்க. சபையைச் சேர்ந்த சின்னவங்க பெரியவங்க எல்லாரும் கூடணும். ஊர்ல இருக்கிற நம்பிமார் ஒருத்தர் விடாம மண்டபத்துக்குள்ள வந்து உட்காரணும். அதுல வயசுல மூத்தவர் குடத்தை எல்லாரும் பார்க்கற மாதிரி தூக்கிக் காட்டணும். உள்ள என்ன இருக்குன்னு தெரியாத ஒரு சின்னப் பையன் ஒரு கட்டை எடுப்பான். அதைப் பிரிச்சு வேற குடத்துல போட்டுக் குலுக்கி, திரும்ப அந்தப் பையனே ஒரு ஓலையை எடுத்து மத்தியஸ்தர் கையில கொடுப்பான். மத்தியஸ்தர் அஞ்சு விரலையும் விரிச்சு, உள்ளங்கையில வாங்கணும். கைக்குள்ள வேற ஓலை ஒளிச்சு வெச்சிருக்கக் கூடாது பாருங்க! அவர் வாசிச்ச பிறகு உள்ள இருக்கிற நம்பிமார் எல்லாரும் அதையே வாசிக்கணும். அப்புறம்தான் பேர் செல்லும்.

ரேண்டம் நம்பர் ஜெனரேட்டர், அதுக்கு ஆடிட் லாக், அதுக்கு மேல கோட் ரிவ்யூ. எங்க டீம்ல இவ்வளவு ஒழுங்கு இல்லை.

தகுதியின்மைப் பட்டியல் இன்னும் அருமை. வாரியத்துல இருந்து கணக்குக் காட்டாதவன் பேரை குடத்துல போடக் கூடாது. அவன் மட்டுமா? அவனோட சித்தி மகன், பெரியம்மா மகன், அத்தை மகன், மாமா மகன், கூடப் பிறந்தவன், மாமனார், மச்சான், அக்கா தங்கச்சி புருஷன், அவங்க பிள்ளை, மருமகன், அப்பா, மகன், யாரும் கூடாது. பினாமிக்கு அன்னிக்கே கேட் போட்டாச்சு. பிறர் பொருளைத் திருடினவன், கள்ளக் கையெழுத்து போட்டவன், தண்டனையா கழுதை மேல ஏத்தப்பட்டவன், இவங்க எல்லாம் வெளியே. கடந்த மூணு வருஷத்துல வாரியத்துல இருந்தவனுக்கும் இப்ப இடமில்லை. பதவிக்காலம் சரியா 360 நாள். நடுவுல தப்பு பண்ணது தெரிஞ்சா உடனே நீக்கம். கணக்கு எழுதினவன் தன் கணக்கைத் தானே ஒப்படைக்கணும், அவன் எழுதினதை முடிச்சுக் கொடுக்க வேற கணக்கனை விடக் கூடாது. பழைய டெவலப்பர் வேலையை விட்டுட்டுப் போன பிறகு அவன் கோடை வெச்சுக்கிட்டு முழிச்ச அனுபவம் உள்ளவங்களுக்கு இதோட அருமை புரியும்.

இன்னொண்ணு கவனிங்க. 919-ல வயசு வரம்பு 30-லேர்ந்து 60. ரெண்டே வருஷத்துல, 921-ல, அது 35-லேர்ந்து 70. விதிகளும் இன்னும் விரிவா வருது. முதல் வெர்ஷன்ல ஏதோ ஓட்டை இருந்திருக்கணும். ரெண்டாவது ரிலீஸ்ல அடைச்சிருக்காங்க. யார் என்ன கோல்மால் பண்ணான்னு கல்வெட்டுல இல்லை. ஆனா இவ்வளவு நீளமா உறவுமுறைப் பட்டியல் போடறாங்கன்னா, எங்கேயோ ஒரு மச்சான் வேலையைக் காட்டியிருக்கான்னுதான் தோணுது.

ஏதென்ஸ்லயும் கிட்டத்தட்ட இதே யோசனை. 500 பேர் சபைக்கு சீட்டுக் குலுக்கல், ஒரு வருஷ பதவி, வாழ்நாள்ல ரெண்டு தடவைக்கு மேல கூடாது, பதவி முடிஞ்சதும் கணக்குத் தணிக்கை. ரெண்டு ஊரும் ஒண்ணையொண்ணு பார்த்துக் காப்பி அடிச்சிருக்க வாய்ப்பில்லை. பொதுச் சொத்து கையில வந்தா யாருக்குமே சபலம் வரும்ங்கற சந்தேகத்துல ரெண்டு ஊரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கு.

ஆனா பெருமையோட நிறுத்திக்க முடியாது. குடத்துல பேர் போட என்ன தகுதி தெரியுமா? கால் வேலிக்கு மேல வரி கட்டுற சொந்த நிலம். சொந்த மனையில கட்டின வீட்டுல குடியிருக்கணும். வேதம் படிச்சிருக்கணும். அதுல ரொம்பத் தேர்ந்தவனா இருந்தா மட்டும் அரைக்கால் வேலி போதும். அது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம், அவங்களோட சபை. அந்தத் தோட்டத்துல வேலை செஞ்சவனுக்கும், அந்த ஏரியில மண்ணு சுமந்தவனுக்கும், எந்தப் பொம்பளைக்கும் குடத்துல ஓலை கிடையாது. விதி போடும்போது ராஜாவோட அதிகாரியும் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தார். இதை மக்களாட்சின்னு சொல்றது கொஞ்சம் ஓவர்.

சொந்த மனை, சொந்த வீடு... எங்கேயோ கேட்ட மாதிரி இல்ல? வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர் முன்னாடி நின்னப்ப எனக்கு அந்த முன்வரிசைப் பெரியவர் குரல்தான் கேட்டது. 1100 வருஷம் ஆச்சு, நானும் குடத்துக்கு வெளியேதான்.

திரும்பி வரும்போது இன்னொரு யோசனை. நம்ம ஏரியா பேரைச் சொல்லிப் பாருங்க: சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்காரணை. எல்லாத்துலயும் ஒரு ஏரி. அந்தக் காலத்துல ஏரிக்குன்னு பொன் எழுதி வெச்சு, அதோட வட்டியில தூர்வாருவாங்க. அப்படியே நம்ம கார்பஸ் ஃபண்ட். வெள்ளைக்காரன் காலத்துல ஏரி அரசாங்கத்துது ஆச்சு. ஊர்க்காரங்க வழக்கமா செஞ்ச குடிமராமத்தை 1858-ல கட்டாய உழைப்புச் சட்டமாவே போட்டுட்டாங்க. வேலை மட்டும் ஊருக்கு, உரிமை சர்க்காருக்கு. வயல் பிளாட் ஆன பிறகு ஏரியை யாருக்குமே தேவைப்படலை. 2015 டிசம்பர்ல அடையாறு பொங்கி முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள்ள தண்ணி வந்தப்பதான், ஏரியும் கால்வாயும் எங்கேன்னு எல்லாரும் தேடினோம். 2019 கோடையில சிட்லபாக்கம் ஏரிக்குள்ள ஜனங்க தாங்களே இறங்கிக் குப்பை அள்ளினாங்க. பேர் வைக்காத ஏரி வாரியம்னு அதைச் சொல்லலாம். அதுல சொந்த வீடா வாடகையான்னு யாரும் கேட்டிருக்க மாட்டாங்க.

சட்டமும் கொஞ்சம் கொஞ்சமா அந்தப் பக்கம்தான் நகருது. 10,000 சதுர மீட்டருக்கு மேல மனை இருந்தா, சாலை போக மீதியில 10 சதவீதத்தைத் திறந்தவெளியா உள்ளாட்சிக்குத் தானமா எழுதிக் கொடுக்கணும்னு சென்னை விதி. சென்னையில ஒரு அப்பார்ட்மெண்ட் உரிமையாளர் சங்கம் போட்ட வழக்குல, அந்த விதி செல்லும்னு 2023 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அதாவது அந்தப் பூங்கா கேட்டுக்கு வெளியே இருக்கிற பையனுக்கும் சொந்தம். எங்களுது அவ்வளவு பெரிய மனை இல்லை, அதனால எங்க காலி இடம் எங்க தலைவலி.

ஒத்திவெச்ச மீட்டிங் திரும்ப நடந்தது. ஒரு பக்கத்துல விதிகளை டைப் பண்ணி எடுத்துட்டுப் போனேன். எதைக் கட்டறதுங்கறதை அப்புறம் பார்ப்போம், முதல்ல யார் பார்த்துக்கறதுன்னு முடிவு பண்ணுவோம்: பிளாக்குக்கு ஒருத்தர், சீட்டுக் குலுக்கல், ஒரு வருஷம், அப்புறம் மூணு வருஷம் லீவு, கணக்கை அவங்களே வாசிக்கணும். ஓட்டு இல்லாதவன் தீர்மானம் கொண்டுவர முடியாதுன்னுட்டாங்க. எதிர்வீட்டு ஆன்ட்டி அதே தாளை வாங்கி அவங்க பேர்ல கொடுத்தாங்க. நிறைவேறிடுச்சு. "டெனன்ட் பேரையும் சீட்டுல போடலாம்"னு நான் கடைசியில சேர்த்திருந்த வரி மட்டும் தோத்துப் போச்சு, மூணு ஓட்டு வித்தியாசத்துல.

பார்க்கிங் கனவும் அன்னிக்கே முடிஞ்சது. பிளான்ல திறந்தவெளின்னு காட்டி அனுமதி வாங்கின இடத்துல கைவைக்கக் கூடாதுன்னு மேல்மாடி வக்கீல் சார் சொன்னதும் கப்சிப்.

குலுக்கலுக்குக் குடம் இல்லை, பிஸ்கட் டின். யார் எடுக்கறதுன்னு கேள்வி வந்தது. எந்தப் பிளாக்கும் இன்னொரு பிளாக் குழந்தையை நம்பத் தயாரா இல்லை. "அப்ப டின்னுல பேரே இல்லாத வீட்டுக் குழந்தையா இருக்கணும்"னு அந்த முன்வரிசைப் பெரியவரே சொன்னார். மூணாவது மாடி டெனன்ட் வீட்டுப் பொண்ணு, ஆறு வயசு, வந்து கண்ணை மூடிக்கிட்டுக் கையை விட்டா. முதல் சீட்டு, பார்க்கிங் கட்சித் தலைவர்!

அஞ்சு விரலையும் விரிச்சு வாங்குங்கன்னு நான்தான் கத்தினேன். வாங்கினார்.

டிஸ்கி: தோட்ட வாரியம் கூடி எடுத்த முதல் முடிவு, ரெண்டு பெஞ்ச் மட்டும் போட்டு மீதி இடத்தை ஒரு வருஷத்துக்கு அப்படியே விடறது. பசங்க கிரிக்கெட் ஆடிட்டிருக்காங்க. 360 நாள் கழிச்சு கணக்கு வாசிக்கும்போது திரும்ப எழுதறேன்.