யார் நெய்த படுக்கை, யார் சுமந்த பை

காட்டில் ஓர் இரவு தங்கப் போகிறவள் பையைக் கட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் பார்ப்பாள். உள்ளங்கைக்குள் சுருட்டக்கூடிய ஹாமக் துணி. மரப்பட்டையை அறுத்துவிடாதபடி இரண்டு விரல் அகலமுள்ள இரண்டு பட்டைகள். மேலே கட்டுவதற்கு ஒரு தார்ப்பாய், கொசுவலை, முதுகுக்குக் கீழே தொங்கவிட ஒரு மெத்தைப்போர்வை. இந்தக் கடைசிப் பொருளைப் புதிதாகப் போகிறவர்கள் விட்டுவிடுவார்கள். உடலின் எடையில் அமுங்கிய கம்பளி சூட்டைப் பிடித்து வைக்காது, அடியில் ஓடும் காற்று விடியும்வரை முதுகை உறைய வைக்கும் என்பது ஒரு இரவு நடுங்கிய பிறகே புரியும்.

துணியை மரத்தில் தொங்கவிட்டு உறங்குவதை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. வரப்போரத்து மரத்தில் பழம்புடவையைத் தூளியாகக் கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு நாற்று நடப் போனவர்களின் பேத்திகள் நாம். ஆனால் அந்தத் தூளி பிள்ளைக்கானது. கட்டியவள் அதில் படுத்ததில்லை. தனக்கென ஒரு துணியைக் கட்டி, தனியாக, காட்டில் படுத்துறங்கும் பெண்ணின் வரலாறு என்று ஒன்று உண்டா? தரையில் பரப்பிய பொருட்களிலிருந்தே அதைத் தேடத் தொடங்கலாம்.

'ஹாமக்' என்ற சொல் கரீபியன் தீவுகளின் தாய்னோ மக்களுடையது. அவர்கள் 'ஹமாகா' என்றார்கள். 1492-இல் கொலம்பஸின் ஆட்கள் அந்த மக்களின் வீடுகளுக்குள் நுழைந்தபோது, பருத்தி வலைகளைப் போன்ற படுக்கைகளைக் கண்டதாக அவருடைய பயணக் குறிப்பு சொல்கிறது. தாய்னோ சமூகத்தில் பருத்தி நூற்பதும் நெய்வதும் பெண்களின் வேலை. ஈரத்தரையிலிருந்தும் பூச்சிகளிலிருந்தும் உடலைத் தூக்கி நிறுத்தும் அந்தப் படுக்கை அவர்களின் விரல்களில் உருவானது. பயணக் குறிப்பில் படுக்கை இருக்கிறது, நெய்தவள் இல்லை.

அடுத்து அவள் நுழைவது வரிக் கணக்கில். 1495 வாக்கில் ஹிஸ்பனியோலா தீவில் 14 வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை குறிப்பிட்ட அளவு தங்கம் செலுத்த வேண்டும் என்று கொலம்பஸ் விதித்தார். தங்கம் கிடைக்காத பகுதிகளில் அதற்கு ஈடாக ஒரு 'அரோபா' பருத்தி, அதாவது ஏறத்தாழ 11.5 கிலோ. ஆணை எல்லோரையும் பொதுவாகச் சொன்னது. பருத்தி யார் கைக்குப் பழகிய வேலை என்பதை அறிந்தவர்களுக்கு அந்தச் சுமை யார் தலையில் ஏறியது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வரி, கட்டாய உழைப்பு, பட்டினி, ஐரோப்பியர் கொண்டுவந்த நோய்கள் எல்லாம் சேர்ந்து சில பத்தாண்டுகளில் அந்த மக்களைச் சிதைத்தன. படுக்கை மட்டும் கப்பல் ஏறியது.

கப்பலில் அது ஆணின் பொருளானது. 1597-இல் ஆங்கிலேயக் கடற்படை மாலுமிகளுக்கு அதை முறைப்படி ஏற்றுக்கொண்டது. பின்னாளைய போர்க்கப்பல்களில் ஒரு மாலுமிக்குத் தொங்க ஒதுக்கப்பட்ட இடம் 14 அங்குலம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை, கொசுவலையும் மழைக்கூரையும் சேர்த்துத் தைத்த ஹாமக்கைக் காட்டுப் போருக்காகத் தயாரித்தது. இன்று நாம் வாங்கும் முகாம் ஹாமக்கின் நேர் மூதாதை அதுதான். போர்வீரனிடமிருந்து வேட்டைக்காரனுக்கு, அவனிடமிருந்து மலையேறுபவனுக்கு என்று கைமாறி வந்த பொருளின் கதையில் நெய்தவள் பெயரில்லாமல் போனாள்.

அவள் மறைந்துவிடவில்லை. வெனிசுலாவின் ஓரினோகோ கழிமுகத்தில் வராவோ பெண்கள் மொரிச்சே பனையின் நாரை முறுக்கி இன்றும் ஹாமக் பின்னுகிறார்கள். மெக்சிகோவின் யுகடானில் தீஷ்கோகோப் என்ற ஊர் ஹாமக்குக்கே பேர்போனது. அங்கே நூலைக் கொடுப்பவர் வணிகர். அடுப்புக்கும் பிள்ளைக்கும் இடையில் கிடைத்த நேரத்தில் பின்னிக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். கூலி உருப்படிக் கணக்கில். பீடி சுற்றியவர்களின் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு அந்நியமாக இருக்காது. ஹாமக்கில் நேராகப் படுத்தால் முதுகு வில்லாக வளையும், குறுக்காகப் படுத்தால் சமமாகும் என்று முகாம் நூல்கள் நுட்பமாகச் சொல்லித்தருகின்றன. யுகடானின் குழந்தைகள் பிறந்த நாள் முதல் அப்படித்தான் படுக்கிறார்கள்.

இனி, பை. குறைந்த எடையோடு நடக்க வேண்டும் என்ற கொள்கையைப் பரப்பியவராக ரே ஜார்டின் என்ற அமெரிக்கரைச் சொல்வார்கள். அவருடைய கையேடு 1992-இல் வெளிவந்தது. அதற்கு 37 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெண் அதைச் செய்துகாட்டிவிட்டார். அவரிடம் ஹாமக்கும் இல்லை, கூடாரமும் இல்லை.

எம்மா கேட்வுட் 1887-இல் ஒஹையோவின் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். 19 வயதில் மணமாகி 11 பிள்ளைகளைப் பெற்றார். கணவன் அடித்ததில் அவருடைய பல் உடைந்தது, விலா எலும்பு முறிந்தது. அடி தாங்காத நாட்களில் அவர் ஓடி ஒளிந்தது வீட்டுக்குப் பின்னாலிருந்த காட்டுக்குள். ஒருமுறை அவர் திருப்பி மாவு மூட்டையை வீசியபோது, வந்த காவலர் கைது செய்தது அவரைத்தான். 1940களின் தொடக்கத்தில் மணவிலக்குப் பெற்றார். பிறகொரு நாள், 1949-ஆம் ஆண்டின் நேஷனல் ஜியாகிரபிக் இதழ் ஒன்றில் அப்பலாச்சியன் நடைபாதையைப் பற்றிப் படித்தார்.

1955 மே மாதம், 67 வயதில், நடந்துவிட்டு வருகிறேன் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு ஜார்ஜியாவிலிருந்து புறப்பட்டார். 146 நாட்களில் ஏறத்தாழ 3,300 கிலோமீட்டர் நடந்து மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் சிகரத்தை அடைந்தார். அதற்கு மூன்றாண்டுகள் முன்பு மில்ட்ரெட் நார்மன் ஒரு துணையோடு அந்தப் பாதையை ஒரே பருவத்தில் முடித்திருந்தார். தனியாகத் தொடர்ந்து நடந்து முடித்த முதல் பெண் கேட்வுட்.

அவருடைய பை, தானே டெனிம் துணியில் தைத்து ஒரு தோளில் தொங்கவிட்ட சாக்கு. உள்ளே ஒரு படைக் கம்பளி, ஒரு மழைக்கோட்டு, குளியலறைத் திரையாகத் தொங்கும் பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று. தின்ன உலர்திராட்சை, கொட்டைகள், டப்பாவில் அடைத்த சாசேஜ். காலில் சாதாரணக் கேன்வாஸ் காலணி. எடை பெரும்பாலும் 9 கிலோவுக்குள். இன்றைக்குத் தார்ப்பாய் செய்யும் வேலையை அந்தக் குளியலறைத் திரை செய்தது. குளிர் இரவுகளில் கற்களைச் சுடவைத்து அதன் மேல் படுத்தார். மெத்தைப்போர்வையின் வேலையை அந்தக் கற்கள் செய்தன. பற்றாக்குறையில் குடும்பம் நடத்திய பெண்ணுக்கு ஒரு பொருளை மூன்று வேலைக்குப் பயன்படுத்த யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

இதை வீரக்கதையாக மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். முந்தைய ஆண்டு அவர் மெய்னில் வழி தவறி, கண்ணாடி உடைந்து, காவலர்களால் மீட்கப்பட்டுத் திரும்பியிருந்தார். குறைவாக எடுத்துச் செல்வதை அந்தத் தோல்வியின் மேல்தான் கற்றார். இன்னொன்று: இரவுகளில் அவரால் வழியிலிருந்த வீடுகளின் கதவைத் தட்ட முடிந்தது. சிலர் விரட்டினார்கள், பலர் சோறும் படுக்கையும் தந்தார்கள். அவர் வெள்ளைக்காரர். அதே 1955-இன் டிசம்பரில், ஜார்ஜியாவுக்குப் பக்கத்து மாநிலமான அலபாமாவில், பேருந்து இருக்கையிலிருந்து எழ மறுத்ததற்காக ரோசா பார்க்ஸ் கைது செய்யப்பட்டார். ஒரு கறுப்பினப் பாட்டி அந்தச் சாக்கோடு அந்தக் கதவுகளைத் தட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பையின் எடை அதைச் சுமப்பவளின் துணிவை மட்டும் பொறுத்ததல்ல. வழியில் அவளை மனுஷியாக மதிக்கும் கதவுகள் எத்தனை என்பதையும் பொறுத்தது.

மறுபடி தரையில் பரப்பிய பொருட்களுக்கு வருவோம். பட்டை, தார்ப்பாய், கொசுவலை, முதல் உதவி, மாதவிடாய்த் துணி, ஊதல், யாரிடம் எந்த நாளில் திரும்புவோம் என்று எழுதிக் கொடுத்த தாள். இவை தேவைகள், வைத்துத்தான் ஆக வேண்டும். மழையும் குளிரும் வழி தவறுவதும் உண்மையான ஆபத்துகள். ஆனால் "பொம்பளப்பிள்ள தனியா காட்டுக்கா?" என்று கேட்கும் குரலும் பையில் இடம் பிடிக்கும். அதற்குப் பயந்து இரண்டு மடங்கு கட்டுகிறோம், அல்லது புறப்படாமலே இருந்துவிடுகிறோம். எம்மா கேட்வுட்டுக்கு மிக ஆபத்தான இடம் வீடாக இருந்தது. காவலரும் சட்டமும் எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்பிய இடம் அது. மலைப்பாதையில் அவரை அடிக்க யாருமில்லை. 1957-இல் அவர் அந்தப் பாதையை மறுபடி முழுதாக நடந்தார், அதே மாதிரியான சாக்கோடு.